மீசைக்குத் தெரிந்த ஆறு

கெளுத்தி பிடிக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த முள் வாங்கலாம், என்ன இரை கோக்கலாம் என்றுதான். இரண்டும் தேவையான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இருட்டில், கலங்கிய தண்ணீரில், வெளிச்சம் எட்டாத ஆழத்தில் அந்த மீன் தன் இரையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? இதற்கு விடை தெரிந்துவிட்டால் முள்ளும் இரையும் இடமும் நேரமும் தாமாகவே முடிவாகிவிடும். ஈரோட்டுப் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தூண்டில் போடுகிறவர்கள் கைப்பழக்கத்தில் செய்துவரும் பல காரியங்களுக்கு அந்த மீனின் உடலில் ஏதோ ஓர் உறுப்பு காரணமாக இருக்கிறது. அந்தக் காரணங்களைச் சென்ற நூற்றாண்டில் ஆய்வுக்கூடங்கள் ஒவ்வொன்றாக வெளிக்கொண்டுவந்தன.

முதலில் நம் தண்ணீரைப் பார்ப்போம். 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையிலிருந்து இறங்கும் காவிரி, ஈரோடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையை ஒட்டிக் கொடுமுடி வரை ஓடுகிறது. ஓடுகிறது என்று சொன்னாலும் இன்று அது ஒரே ஓட்டமாக ஓடும் ஆறல்ல. செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை, வெண்டிபாளையம், பாசூர் என்று வரிசையாக நிற்கும் கதவணைகள் அதை நீண்ட தேக்கங்களாக வெட்டிவைத்திருக்கின்றன. மேற்கே நீலகிரியிலிருந்து வரும் பவானி, 1955இல் முடிந்த பவானிசாகர் அணையில் தேங்கி, கொடிவேரியைத் தாண்டி, காலிங்கராயன் வாய்க்காலுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. அணையிலிருந்து பிரியும் கீழ்பவானி வாய்க்கால் மட்டும் சுமார் 200 கிலோமீட்டர் நீளம். இவற்றோடு அந்தியூர் பெரிய ஏரி, ஓடத்துறை ஏரி போன்ற பாசன ஏரிகளும் உண்டு. மழை குறைந்த மாவட்டம் என்று பெயரெடுத்த இந்த நிலத்தில், மண்ணடி மீனுக்கு ஏற்ற தேங்கிய நீர் இவ்வளவு இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

கெளுத்தி என்று நாம் சொல்வது ஒரு மீனை அல்ல, ஒரு பெருங்குலத்தை. மிஸ்டஸ் இனத்தைச் சேர்ந்த நாட்டுக் கெளுத்தி ஒரு சாண் நீளம் இருக்கும். வாய்க்காலிலும் ஏரியிலும் புதியவரின் தூண்டிலில் முதலில் சிக்குவது அதுதான். ஆற்றின் ஆழமான மடுக்களில் ஸ்பெராட்டா என்ற பெரிய ஆற்றுக் கெளுத்தி இருக்கிறது. அதன் மீசை உடம்பின் பாதியையும் தாண்டி நீளும். குட்டைகளிலும் சேற்றிலும் தேளி வாழ்கிறது. உடலுக்குள் முதுகுத் தசையை ஒட்டிப் பின்னோக்கி ஓடும் இரண்டு நீண்ட காற்றுப்பைகள் அதற்கு இருப்பதால், பிராணவாயு வற்றிப்போன தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே வாளை. அகன்ற வாய், வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள், ஒரு மீட்டரையும் தாண்டி வளரும் உடல். ஆங்கிலேயர்கள் அதை நன்னீர்ச் சுறா என்று அழைத்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவானவை செதிலில்லாத வழவழப்பான தோல், வாயைச் சுற்றிய மீசைகள், துடுப்புகளில் ஒளிந்திருக்கும் முட்கள்.

செதில் இல்லாத தோலும் மீசையும்தான் நம் விஷயத்தின் மையம்.

நம் வாயில் இருக்கும் சுவை மொட்டுகள் பத்தாயிரத்துக்கும் குறைவு. புல்ஹெட் என்ற வட அமெரிக்கக் கெளுத்தியில், ஒரு முழத்தில் பாதி நீளமுள்ள ஒரே மீனின் உடலில் சுமார் 1,75,000 மொட்டுகள் இருப்பதாக யெல்லே ஆட்டெமா 1971இல் கணக்கிட்டார். அவை வாய்க்குள் மட்டும் இல்லை. மீசையில் அடர்ந்தும், விலாவிலும் முதுகிலும் வாலிலும் பரவலாகவும் இருக்கின்றன. இதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஜட்சன் ஹெரிக் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் இதை எளிய சோதனையால் காட்டியிருந்தார். இறைச்சிச் சாற்றில் நனைத்த பஞ்சை மீனின் விலாவில் தொட்டால் அது சட்டென்று திரும்பிக் கவ்வியது. வெறும் பஞ்சால் தொட்டபோது சில முறைக்குப் பிறகு பொருட்படுத்தவே இல்லை. தோலே அதற்கு ருசி சொல்லியது.

1967இல் ஜான் பார்டாக்கும் அவருடன் இருந்தவர்களும் இன்னொரு படி போனார்கள். மூக்கின் வேலையை நிறுத்திய பிறகும் கெளுத்திகள் தொலைவிலிருந்த இரையை நோக்கி நீந்தி அதைச் சென்றடைந்தன. இடப்பக்க மீசையில் ருசி அதிகமா, வலப்பக்கத்திலா என்று ஒப்பிட்டுத் திரும்பித் திரும்பி வழியைப் பிடித்தன. ருசிக்கு மூலமான இடத்தை மீன் ருசியாலேயே தேடிப் போகிறது. இதன் பிறகு ஜான் காப்ரியோ என்ற நரம்பியலாளர், மீசையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பின் மின்துடிப்பை அளந்து, அலனின், அர்ஜினின் போன்ற அமினோ அமிலங்களை மிக மிகச் சிறிய அளவிலும் கெளுத்தி உணர்கிறது என்று காட்டினார். அமினோ அமிலங்கள் புரதத்தின் துண்டுகள். செத்த மீனும் நசுங்கிய மண்புழுவும் தண்ணீரில் கசியவிடுவது அவற்றைத்தான்.

இனி இரையைப் பற்றிப் பேசலாம். ஈரோட்டில் கெளுத்திக்கு மண்புழு, கோழிக் குடல், கோழி ஈரல், இறால், நண்டு, சின்னக் கெண்டைத் துண்டு ஆகியவற்றைப் போடுவார்கள். நிறமோ பளபளப்போ இங்கே கணக்கில் வராது. எது தண்ணீரில் நன்றாகக் கசிகிறதோ அதுவே நல்ல இரை. மண்புழுவை முழுதாகக் கோப்பதைவிட இரண்டாகக் கிள்ளிக் கோத்தால் உடனே கடி வரும் என்பார்கள். உடல்சாறு வெளியே வருவதுதான் காரணம். அதே காரணத்தால் இரை பழசாகிவிடும். அரைமணி நேரம் ஓட்டத்தில் கிடந்த ஈரல் துண்டு பார்வைக்கு அப்படியே இருந்தாலும் அதில் கசிய எதுவும் மிஞ்சியிருக்காது. புதியவர் கடி வரவில்லை என்று இடத்தை மாற்றிக்கொண்டே இருப்பார். பெரும்பாலும் மாற்ற வேண்டியது இரையைத்தான்.

எங்கே போடுவது என்பதும் இதிலிருந்தே வரும். ஆற்றில் ருசி ஓட்டத்தோடு கீழே போகும். அதனால் மீன் இருக்கக்கூடிய மடு, பாறை இடுக்கு, வேர் அரித்த கரை, பாலத்துத் தூண் ஆகியவற்றுக்கு மேல்பக்கம் இரை விழ வேண்டும். நேராக மடுவுக்குள் எறிந்தால் இரையின் வாசம் மீனைத் தாண்டிப் போய்விடும். ஏரியில் ஓட்டம் இல்லை, காற்று உண்டு. காற்று அலையைத் தள்ளிக்கொண்டு சேர்க்கும் கரையில் மிதப்பவையும் புழுபூச்சிகளும் ஒதுங்கும். மாலையில் அந்தப் பக்கம் உட்காருவது நல்லது. கை கழுவாமல் இரையைத் தொடக் கூடாது என்று சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பெட்ரோலும் புகையிலையும் சோப்பும் ஒட்டிய விரல், முள்ளுக்கு முன்னால் தன் வாசத்தைத் தண்ணீருக்குள் அனுப்பிவிடும். கரை மண்ணில் கையைத் தேய்த்து ஆற்றிலேயே அலசிவிட்டு இரை கோக்கலாம்.

ஆட்டெமாவின் அதே ஆய்வில் தூண்டில்காரருக்கு இன்னும் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. கெளுத்தியின் மூளையில் சுவைக்கென்று இரண்டு தனிப் பகுதிகள் உண்டு. தோலிலும் மீசையிலும் இருக்கும் மொட்டுகள் ஒன்றுக்குச் செய்தி அனுப்புகின்றன. வாய்க்குள்ளும் தொண்டையிலும் இருப்பவை மற்றதற்கு. முதல் பகுதி வேலை செய்யாத மீன், இரை பக்கத்தில் கிடந்தாலும் தேடி எடுக்கவில்லை. இரண்டாம் பகுதி வேலை செய்யாத மீன், தேடி வந்து வாயில் எடுத்தது, ஆனால் விழுங்கத் தெரியாமல் திணறியது. தேடுவதும் விழுங்குவதும் அந்த மீனுக்கு இரண்டு வெவ்வேறு முடிவுகள் என்பது இதிலிருந்து தெரிகிறது. முதலில் மீசை சொல்லும், வாய் எடுக்கும். அப்புறம் தொண்டை சரி என்றால்தான் உள்ளே போகும். சரியில்லை என்றால் துப்பிவிடும்.

காவிரிக் கரையில் தக்கை லேசாகத் துள்ளும்போது, பழகியவர் பக்கத்தில் இருக்கும் புதியவரிடம் சொல்வது இதையேதான். “இழுத்துறாதீங்க தம்பி. அது இன்னும் ருசிதான் பாக்குது. கூட்டீட்டுப் போகும் பாருங்க, அப்ப இழுங்க.” முதலில் வரும் தட்டல்கள் மீசையும் உதடும் செய்கிற விசாரணை. தூண்டில் நரம்பு ஒரு பக்கமாக நிதானமாக நகரத் தொடங்கினால் தொண்டை ஒப்புக்கொண்டுவிட்டது என்று பொருள். தட்டலுக்கே சுண்டுகிறவர் கையில் வெறும் முள்தான் திரும்பி வரும்.

ஈயக்குண்டை நரம்பில் முடிச்சுப் போட்டு நிறுத்தாமல், அதன் துளை வழியாக நரம்பு தாராளமாக ஓடும்படி விடுவதும் இதற்காகத்தான். குண்டுக்குக் கீழே சுழலும் சுவிவல் வளையம் ஒன்று, அதிலிருந்து ஒன்றரை அடி நரம்பு, அதன் முனையில் முள். மீன் இரையைக் கவ்வி நகரும்போது குண்டு தரையிலேயே கிடக்கும், நரம்பு மட்டும் ஓடும். வாயில் பாரம் தட்டுப்படாததால் துப்ப வேண்டிய அவசியம் மீனுக்கு வராது. நாட்டுக் கெளுத்திக்கு மூங்கில் கழியும், பத்துப் பன்னிரண்டு அடி தங்கூசி நரம்பும், சின்ன முள்ளும், ஒரு தக்கையும் போதும். வாளைக்கும் ஆற்றுக் கெளுத்திக்கும்தான் ரீலும் கனத்த நரம்பும் வேண்டும். வாளையின் பல் சாதாரண நரம்பை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே ஓரடி மெல்லிய கம்பி கட்டுவார்கள். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள் கிடைத்தால் அதையே வாங்குங்கள். மீன் விழுங்கிவிட்டு நகரும்போது அது வாயின் ஓரத்தில் வந்து பிடிக்கும், குடலைக் கிழிக்காது. அந்த முள்ளுக்குச் சுண்டல் தேவையே இல்லை, நரம்பை மெல்ல இறுக்கினால் போதும். விட்டுவிட வேண்டிய மீனை உயிரோடு விட இதைவிட நல்ல கருவி இல்லை.

கரையில் சத்தம் போடாதே என்பது தாத்தாக்கள் சொல்லித் தந்த விதி. மீனுக்குக் காதே கேட்காது என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. தேனீக்களின் நடனத்தை விளக்கி 1973இல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் ஃபிரிஷ், அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கெளுத்தியை வைத்து அந்த வாதத்தைத் தீர்த்தார். பார்வையில்லாத அந்தச் சின்ன மீன் தொட்டியில் ஒரு மண்குழாய்க்குள் இருந்தது. அவர் இரை போடும்போதெல்லாம் விசில் அடித்தார். சில நாட்களில் விசில் சத்தம் கேட்டதுமே அது குழாயைவிட்டு வெளியே வந்தது. 1923இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பே விசிலடித்தால் வரும் குட்டிக் கெளுத்தியைப் பற்றியது. இதன் உடற்கூற்றை 1820இலேயே எர்ன்ஸ்ட் வெபர் விவரித்திருந்தார். கெளுத்தியின் காற்றுப்பையையும் உட்காதையும் ஒரு சிறிய எலும்புச் சங்கிலி இணைக்கிறது. தண்ணீரில் வரும் அதிர்வைக் காற்றுப்பை வாங்கும், எலும்புகள் அதைக் காதுக்குக் கடத்தும். நம் கெண்டை மீன்களுக்கும் இதே அமைப்புதான். நாம் பேசும் சத்தத்தில் பெரும்பகுதி நீர்ப்பரப்பிலேயே திரும்பிவிடும். பாறையில் செருப்புக் காலால் மிதிப்பதும், கழியைத் தரையில் போடுவதும், பாத்திரத்தை இடிப்பதும் மண் வழியாக நேராகத் தண்ணீருக்குள் போய்விடும். பேசலாம், குதிக்கக் கூடாது என்று நினைவில் வைத்தால் சரி.

வாளைக்கு இன்னொரு திறமையும் இருக்க வேண்டும் என்று அதன் ஐரோப்பிய உறவினரை வைத்து ஊகிக்கலாம். வெல்ஸ் எனப்படும் அந்தப் பெருங்கெளுத்தியை முழு இருட்டில் வைத்து அகச்சிவப்புக் கேமராவால் பார்த்தபோது, ஒரு சிறு மீன் நீந்திப் போன தடத்தையே அது வளைவு விடாமல் பின்தொடர்ந்து போய்ப் பிடித்தது. அந்த மீன் போய்ச் சில நொடிகள் ஆன பிறகும் தண்ணீரில் மிஞ்சியிருந்த சுழிப்பை அது படித்தது. 2001இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்த பிறகு, அசைவில்லாமல் கிடக்கும் இரையை அவ்வப்போது ஒரு முழம் மெல்ல இழுத்துவைக்கும் வாளைத் தூண்டில்காரரின் வழக்கம் எனக்கு வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. நம் கடலோரத்து இருங்கெளுத்தியின் ஜப்பானிய உறவினர் ஒன்று, மணலுக்குள் ஒளிந்திருக்கும் புழு மூச்சு விடுவதால் தண்ணீரின் அமிலத்தன்மையில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தையே பிடித்துவிடுகிறது. அதைக் கண்டறிந்த குழுவிலும் காப்ரியோ இருந்தார், ஆண்டு 2014. கெளுத்திகளுக்கு மின்சாரத்தை உணரும் நுண்துளைகளும் தோலில் உண்டு. 1917இலேயே, கண்ணை மறைத்த கெளுத்திகள் கண்ணாடிக் குச்சிக்கு அசையாமல், உலோகக் குச்சி அருகில் வந்ததும் விலகியதைக் கவனித்திருக்கிறார்கள்.

இவ்வளவு உணர்வும் தோலில் இருப்பதால்தான் எனக்கு இந்த மீனைப் பற்றி ஈரோட்டில் உட்கார்ந்து எழுதும்போது கவலை வருகிறது. இது துணியை வெளுத்துச் சாயம் போடும் ஊர். நொய்யலில் திருப்பூரின் சாயக்கழிவு வந்து தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை என்னவானது என்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிடும் வரை அது போனது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்காலுக்குப் பக்கத்தில், கழிவு கலக்காமல் தனியே போக பேபி கால்வாய் ஒன்றைக் கட்ட வேண்டிய நிலை இந்த நூற்றாண்டில் வந்தது. மீன் செத்து மிதந்தால் நாம் பார்க்கிறோம், செய்தியாகிறது. சாகாத மீனுக்கு என்ன ஆகிறது?

பார்டாக் குழு 1965இல் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். மஞ்சள் புல்ஹெட் கெளுத்திகளைச் சலவைச் சோப்புத் தூளில் இருக்கும் வேதிப்பொருள் கலந்த தண்ணீரில் வைத்தார்கள். லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே மீசையின் சுவை மொட்டுகளை அரிக்கப் போதுமானதாக இருந்தது. மீன் உயிரோடுதான் இருந்தது, நீந்தியது. ஆனால் இரையைக் கண்டுபிடிக்கும் திறன் குன்றிப்போனது. சுத்தமான தண்ணீருக்கு மாற்றி வாரக்கணக்கில் வைத்திருந்தும் அது தேறவில்லை. கண்ணால் வேட்டையாடும் மீனுக்கு இது சிறு இழப்பாக இருக்கலாம். கெளுத்திக்கு இது கண்ணைப் பிடுங்குவதற்குச் சமம். நுரை பொங்கும் மதகுகளுக்குக் கீழே மீன் இருந்தும் கடி இல்லை என்று தூண்டில்காரர்கள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு இந்த ஆய்வு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. புதியவர் அப்படிப்பட்ட இடத்தில் உட்காருவதால் பயனில்லை. அங்கே பிடித்த மீனைச் சாப்பிடுவதும் நல்லதல்ல. சாயமும் நுரையும் வந்து சேரும் வாய்களுக்கு மேல்பக்கமாக இடம் தேடுங்கள்.

நேரம் என்று பார்த்தால் பொழுது சாயும்போது தொடங்கி இருட்டும் வரை. விடியற்காலையும் நல்லது. ஆண்டில் என்றால் தென்மேற்குப் பருவமழையில் கர்நாடகத்திலிருந்து புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்கும் நாட்கள். வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும். ஆடிப்பெருக்கில் கூடுதுறை நிரம்பும். கலங்கலில் கண்ணை நம்பும் மீன்கள் தடுமாறும்போது கெளுத்திகள் மடுவைவிட்டு ஓரத்துப் புல்லுக்கு வந்து மேயும். கடி வெறித்தனமாக இருக்கும்.

ஆனால் அதே நாட்கள்தான் அவை முட்டையிட வரும் நாட்களும். வயிறு உப்பி, அழுத்தினால் முட்டை தெரியும் பெண் வாளையை அந்தச் சமயத்தில் எடுத்துப்போவது சரியல்ல என்று நான் உறுதியாக நினைக்கிறேன். உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வாளையை அழிவுக்கு ஆளாகக்கூடிய இனங்களில் வைத்திருக்கிறது. ஆற்றுக் கெளுத்தி சேற்றில் குழி பறித்து முட்டையிட்டுக் காவல் இருக்கும். காவலிருக்கும் மீனைத் தூக்கிவிட்டால் அந்தக் குழியில் மிச்சம் எதுவும் இருக்காது. இன்னொரு மீனையும் இங்கே சொல்லியாக வேண்டும். விலாவில் வரிசையாகக் கரும்புள்ளிகள் கொண்ட ஹெமிபாக்ரஸ் பங்டேட்டஸ் என்ற கெளுத்தி. 1849இல் ஜெர்டன் என்ற மருத்துவர் இதை விவரித்தார். உலகில் காவிரியும் அதன் துணையாறுகளும் தவிர வேறெங்கும் இதற்கு வீடில்லை, மிக அருகிப்போன நிலையில் இருக்கிறது. விலாவில் புள்ளி வரிசையைப் பார்த்தால் ஈரக்கையால் பிடித்து, முள்ளைக் கழற்றி, உடனே தண்ணீரில் விடுங்கள். முள் ஆழமாக இருந்தால் நரம்பை வெட்டிவிட்டாவது விடுங்கள்.

விடவே கூடாத மீன் ஒன்றும் உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தி. மத்திய அரசு வளர்க்கத் தடை விதித்த மீன் இது, பண்ணைகளை அதிகாரிகள் அழிப்பதும் நடக்கிறது. ஆனாலும் இறைச்சிக் கழிவைப் போட்டுத் திருட்டுத்தனமாக வளர்ப்பவர்களிடமிருந்து வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்கு வந்துவிடுகிறது. தட்டையான கனத்த தலை, எட்டு மீசை, தலைக்குப் பின்னாலிருந்து வால் வரை ஒரே நீளமாக ஓடும் முதுகுத்துடுப்பு, பளிங்குக்கல் போன்ற திட்டுத்திட்டான தோல். நாட்டு மீன்களைத் தின்று தீர்க்கும் பெருந்தீனிக்காரன். ஐயமிருந்தால் மீன்வளத் துறையிடம் காட்டுங்கள்.

பிடித்த மீனைக் கையில் எடுப்பதுதான் புதியவருக்கு உண்மையான ஆபத்து. முதுகில் ஒன்று, மார்பின் இருபுறமும் ஒவ்வொன்று என மூன்று முட்கள். மிரண்டதும் மூன்றையும் விறைத்துப் பூட்டிக்கொள்ளும், அந்தப் பூட்டு மீன் செத்த பிறகும் இருக்கும். முள்ளை மூடிய தோலில் நஞ்சுச் சுரப்பிகள் உண்டு. கெளுத்தி இனங்களில் 1,200க்கும் மேற்பட்டவற்றில் இவை இருக்கும் என்று ஜெரமி ரைட் 2009இல் மதிப்பிட்டார். நம் பக்கம் தேளியின் குத்து மிகக் கொடியது, கை முழுக்க வலி ஏறும். சின்ன மீன் பாவம் என்று அலட்சியமாகப் பிடிக்காதீர்கள், அதன் முள்தான் தேயாமல் கூராக இருக்கும். உள்ளங்கையை வயிற்றுப் பக்கமிருந்து கொடுத்து, மார்பு முட்களுக்குப் பின்னால் விரல்களைக் கவ்வவைத்துப் பிடிக்க வேண்டும். தேளியைக் கையால் பிடிக்கவே வேண்டாம், குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள்.

குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 45 டிகிரி வெந்நீரில், அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை கையை வையுங்கள். இந்த நஞ்சு புரதம், வெப்பத்தில் அதன் வீரியம் குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால் பார்த்துக்கொள்ளுங்கள், குத்துப்பட்ட கை மரத்துப்போய்ச் சூடு தெரியாமல் வெந்துவிடக்கூடும். முள் உடைந்து உள்ளே இருந்தாலும், வீக்கம் ஏறினாலும், டெட்டனஸ் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அழுக்குத் தண்ணீரில் பட்ட காயம் என்று அங்கே சொல்ல மறக்காதீர்கள்.

தண்ணீரே இதைவிடப் பெரிய ஆபத்து. கதவணைக்குக் கீழே கொந்தளிக்கும் நீரில் சின்ன மீன்கள் அடிபட்டு வரும், அவற்றுக்காக வாளை காத்திருக்கும். அந்த ஆசையில் நடு ஆற்றுப் பாறையில் போய் உட்கார்ந்தவர்களை, மின் உற்பத்திக்காகக் கதவு திறந்த தண்ணீர் கொண்டுபோயிருக்கிறது. கரையைவிட்டு இறங்காதீர்கள். பவானிசாகர் அணையில் மீன்பிடிப்பைத் தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் பார்த்துக்கொள்கிறது, அனுமதியில்லாமல் அங்கே தூண்டில் போடக் கூடாது. அணையின் மேல்பகுதி சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தோடு ஒட்டியது. யானை இறங்கும் கரை, முதலை இருக்கும் தண்ணீர். வெள்ளோடு பறவைகள் சரணாலயத்திலும் தூண்டிலுக்கு இடமில்லை. பாசன ஏரிகளில் குத்தகைதாரர் இருப்பார், அவரிடம் கேட்டுவிட்டு உட்காருவது முறை. வெடி போடுவதும் விஷம் கலப்பதும் 1897ஆம் ஆண்டின் மீன்பிடிச் சட்டத்திலிருந்தே குற்றம். அப்படிச் செய்கிறவரைப் பார்த்தால் பேசாமல் வராதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த கெளுத்தியின் வழவழப்பைக் கல் உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்து எடுக்க வேண்டும். முட்களை முதலிலேயே குறடால் நறுக்கிவிடுவது நல்லது. ஏரிக் கெளுத்தியில் மண்வாடை வரும் என்று சிலர் ஒதுக்குகிறார்கள். அந்த வாடை சேற்றிலிருந்து நேராக வருவதல்ல. நீலப்பச்சைப் பாசியும் சில பாக்டீரியாக்களும் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளே அதற்குக் காரணம், முதல் மழையில் நிலத்திலிருந்து எழும் மணமும் அதுவே. அது மீனின் செவுள் வழியாகக் கொழுப்பில் சேர்ந்துவிடும். லிட்டர் தண்ணீரில் 10 நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். இந்த ஒரு வாசத்தில் நம் மூக்கும் கெளுத்தியின் மீசைக்குச் சளைத்ததல்ல. ஜியோஸ்மின் அமிலத்தில் சிதையும். துண்டுகளைப் புளித்தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, புளி தூக்கலாகக் கரைத்து, வறுத்தரைத்த மல்லியும் மிளகாயும் சேர்த்துக் குழம்பு கொதித்த பிறகு மீனைப் போடுங்கள். கெளுத்தியின் சதை சீக்கிரம் வெந்துவிடும், கரண்டி போட்டுக் கிளறினால் உடைந்துபோகும். சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினால் போதும்.